பிஸ்மில்லா என்று பாடியவன் நம்மட ஆளா?

மே மாதம் அலை எழும்பத் தொடங்கினால் பொத்துவிலின் தெற்குப் பக்கம் வேறு ஊராக மாறிவிடும். உல்லையில் கபானாக்களுக்கு ஓலை மாற்றுவார்கள். சேர்ப் போர்ட்டுகள் மதிலோரம் அடுக்கப்படும். அறுகம்பைப் பாலம் தாண்டினால் ஒக்டோபர் வரைக்கும் கடைக்கு ஒரு ஸ்பீக்கர், ஸ்பீக்கருக்கு ஒரு தேசத்துப் பாட்டு. போன சீசனில் அங்கே ஒரு கடையில் வேலை செய்யும் என் மச்சானைப் பார்க்கப் பின்னேரம் போயிருந்தேன். உள்ளே ஒரு இங்கிலிஷ் பாட்டு ஓடியது. முதலில் பியானோ, பிறகு ஒரு கூட்டமே கூடி நின்று சண்டை பிடிப்பது போல மேலும் கீழுமாகக் குரல்கள். மேசை துடைத்துக்கொண்டிருந்த மச்சான் கையை நிறுத்தினான்.

"கேட்டியா மச்சான்? பிஸ்மில்லா எண்டு பாடுறான்."

"ஓம், கேட்டன்."

"அப்ப இவன் நம்மட ஆளா? இவன்ட உண்மையான பேர் ஃபாரூக்காம். ஒரு வெள்ளைக்காரன் சொன்னான்."

பக்கத்தில் பிளேன்டீ குடித்துக்கொண்டிருந்த ஓட்டோக்கார காக்கா திரும்பிப் பார்த்தார். "யாரு, அந்த மீசைக்காரனா? அவன் அந்த நோய் வந்து மௌத்தானவன். நம்மட ஆள் எண்டு சொல்லித் திரியாதீங்க தம்பி."

ஒரு பிளேன்டீ ஆறுவதற்குள் ஒரு மனிதனை எங்கட ஊர் சேர்த்தும் கொண்டது, தள்ளியும் வைத்துவிட்டது. பிரெடி மெர்க்குரிக்கு இது புதிதில்லை. உயிரோடு இருந்த 45 வருடமும், செத்த பிறகான முப்பது சொச்ச வருடமும் இந்த மாதிரித்தான் பல ஊர்கள் அவரைச் சேர்த்தும் தள்ளியும் வந்திருக்கின்றன. அதைத்தான் இங்கே கொஞ்சம் நிதானமாகப் பார்க்கலாம் என்று நினைக்கிறேன்.

முதலில் மச்சானின் கேள்விக்குப் பதில். பெயர் ஃபாரூக் இல்லை, ஃபர்ரோக். ஃபர்ரோக் புல்சாரா. நாம் பிள்ளைகளுக்கு வைக்கும் ஃபாரூக் அரபுப் பெயர். ஃபர்ரோக் பாரசீகப் பெயர், அதிர்ஷ்டம் உள்ளவன், மகிழ்ச்சியானவன் என்று பொருள். காதுக்கு ஒன்று போலக் கேட்கும், வேர் வேறு. அவருடைய குடும்பம் பார்சிக் குடும்பம், சரதுஷ்டிர மார்க்கத்தவர்கள். பாரசீகம் முஸ்லிம்களின் ஆட்சிக்குள் வந்த பிறகு வந்த நூற்றாண்டுகளில் அங்கிருந்து கடல் வழியாகக் குஜராத் கரைக்கு வந்து சேர்ந்தவர்களின் வழித்தோன்றல்கள். புல்சாரா என்ற குடும்பப் பெயரே குஜராத்தில் இருக்கும் புல்சார், இன்றைய வல்சாட், ஊரின் பெயரிலிருந்து வந்தது. பார்சிகள் நமக்கு முற்றிலும் அந்நியர்களும் இல்லை. கொழும்பில் இன்றும் ஒரு சின்னப் பார்சிச் சமூகம் இருக்கிறது. 2001இல் வந்த அரசாங்கத்தில் நிதி அமைச்சராக இருந்த கே.என். சொக்சி ஒரு பார்சிதான்.

ஃபர்ரோக் பிறந்தது 1946 செப்டெம்பர் 5, சான்சிபார் தீவில். கிழக்கு ஆபிரிக்கக் கரையில் கராம்பு மணக்கும் ஒரு தீவு. ஓமானிலிருந்து வந்த சுல்தான்களின் வம்சம் ஆண்ட இடம், 1890இலிருந்து பிரித்தானியப் பாதுகாப்பில் இருந்தது. சுல்தான் அரண்மனையில் இருப்பார், அதிகாரம் வெள்ளைக்காரன் கையில். அரபிகள், சுவாஹிலி பேசும் ஆபிரிக்கர்கள், குஜராத்தி வியாபாரிகள், கோவாக்காரர்கள், பார்சிகள் என்று எல்லோரும் ஸ்டோன் டவுனின் ஒடுங்கிய சந்துகளில் ஒன்றாக இருந்தார்கள். வாப்பா பொமி புல்சாரா அங்கே நீதிமன்றத்தில் ஆங்கில அரசாங்கத்தின் காசாளர். அரசாங்க உத்தியோகம், வீட்டில் வேலையாட்கள், ஐந்து வேளையும் பக்கத்துப் பள்ளிகளிலிருந்து பாங்கு. ஐரோப்பியன் ஒருவனுக்கு அது தூரத்துக் கதை. காலியிலோ பேருவளையிலோ பழைய தெருக்களில் நடந்தவர்களுக்குக் கண்ணை மூடினாலே தெரியும்.

எட்டு வயதில் பிள்ளையைக் கப்பலேற்றி இந்தியாவுக்கு அனுப்பினார்கள். பம்பாயிலிருந்து மலையேறிப் போகும் பஞ்ச்கனி என்ற ஊரில் சென். பீற்றர்ஸ் என்ற விடுதிப் பள்ளிக்கூடம், ஆங்கிலேயப் பாணி. பியானோ படித்தது அங்கே. ஃபர்ரோக் என்ற பெயர் பள்ளிக்கூட நாக்குகளில் பிரெடி ஆனது அங்கே. பன்னிரண்டு வயதில் நண்பர்களோடு 'ஹெக்டிக்ஸ்' என்று ஒரு இசைக்குழு தொடங்கியதும் அங்கேதான். அப்போது அவர் பாடகன் இல்லை, பின்னால் இருந்து பியானோ வாசித்த பொடியன். மேல்வாயில் நான்கு பல் கூடுதலாக முளைத்திருந்ததால் முன்பற்கள் துருத்திக்கொண்டு நின்றன. பிற்காலத்தில் காசு கொட்டிய போதும் அதைத் திருத்தவில்லை. குரல் மாறிவிடும் என்று பயம். சிரிக்கும்போது உதட்டாலோ கையாலோ மறைத்துக்கொள்ளும் பழக்கம் கடைசி வரை போகவில்லை. பத்தாயிரக்கணக்கானோர் முன்னால் வெற்று மார்போடு நின்ற ஆள், பல்லுக்கு வெட்கப்பட்டார் என்பது எனக்கு எப்போதும் விசித்திரமாகத்தான் இருக்கும்.

1963இல் சான்சிபாருக்குத் திரும்பினார். அந்த வருடம் டிசெம்பரில் தீவுக்குச் சுதந்திரம். ஒரு மாதம்தான். 1964 ஜனவரி 12இல் புரட்சி வெடித்து சுல்தான் தப்பி ஓடினார். நூற்றாண்டுகளாக அடிமை வியாபாரத்தின் வடுவைச் சுமந்த ஆபிரிக்கப் பெரும்பான்மையின் கோபத்தில் நியாயம் இருந்தது. ஆனால் அந்த நாட்களில் ஆயிரக்கணக்கான அரபிகளும் தெற்காசியர்களும் கொல்லப்பட்டார்கள் என்பதும் உண்மை. புல்சாரா குடும்பம் பெட்டிகளில் அடங்கியதை மட்டும் எடுத்துக்கொண்டு இங்கிலாந்து போய்ச் சேர்ந்தது. அதே 1964 ஒக்டோபரில்தான் சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தம் கையெழுத்தாகி, நம்முடைய மலையகத்து மக்களில் இலட்சக்கணக்கானோரை எந்த நாட்டுக்காரர் என்று இரண்டு அரசாங்கங்கள் பங்கு பிரித்தன. இந்து சமுத்திரத்தைச் சுற்றி அந்தக் காலம் அப்படித்தான். வெள்ளைக்காரன் போனான், அவன் காலத்தில் கடல் தாண்டிக் குடியேறியவர்கள் எல்லோரும் ஒரே நாளில் 'வந்தேறிகள்' ஆனார்கள்.

லண்டனில் ஹீத்ரோ விமான நிலையத்துக்குப் பக்கத்தில் ஃபெல்தம் என்ற இடத்தில் ஒரு சின்ன வீடு. பிரெடி விமான நிலையத்தில் பெட்டி தூக்கினார். ஈலிங் கலைக் கல்லூரியில் வரைகலை படித்து 1969இல் டிப்ளோமா எடுத்தார். கென்சிங்டன் சந்தையில் பழைய உடுப்பு விற்றார். அந்தக் கடையில் கூட்டாளி ரோஜர் டெய்லர், டிரம்ஸ் அடிப்பவர். கிட்டார் வாசிக்கும் பிரையன் மே வானியற்பியல் படித்துக்கொண்டிருந்தார். இந்த இருவரும் 'ஸ்மைல்' என்ற குழுவில் இருந்தார்கள். அதில் பாடியவர் விலகிப் போக, பிரெடி உள்ளே வந்தார். 1970இல் குழுவின் பெயரைக் 'குயின்' என்று மாற்றியவர் அவர். அடுத்த வருடம் ஜோன் டீக்கன் சேர, நால்வர். குழுவின் சின்னத்தையும் பிரெடியே வரைந்தார், நான்கு பேருடைய ராசிகளையும் வைத்து. அந்த நாட்களிலேயே தன் குடும்பப் பெயரையும் கழற்றி வைத்துவிட்டு மெர்க்குரி ஆனார்.

இந்தப் பெயர் மாற்றம் பற்றிக் கடுமையாக எழுதுபவர்கள் இருக்கிறார்கள். தன் இனத்தை மறைத்தான், வெள்ளைக்காரனாக வேஷம் போட்டான் என்று. பேட்டிகளில் அவர் சான்சிபார் பற்றியோ பஞ்ச்கனி பற்றியோ பேசுவதைத் தவிர்த்தார் என்பது உண்மைதான். ஆனால் காலத்தையும் பாருங்கள். 1968 ஏப்ரலில் ஈனொக் பவல் என்ற எம்.பி. குடியேறியவர்களால் நாட்டில் இரத்த ஆறு ஓடப்போகிறது என்ற பொருளில் பேசினார், அதை ஆதரித்துத் துறைமுகத் தொழிலாளிகள் ஊர்வலம் போனார்கள். ஆசிய முகத்தைத் தெருவில் கண்டால் அடிப்பதை ஒரு விளையாட்டாகவே வைத்திருந்த கூட்டங்கள் லண்டனில் இருந்தன. அப்படி ஒரு ஊரில் புல்சாரா என்ற பெயரோடு ரொக் பாடகனாக எந்தக் கம்பனி இசைத்தட்டுப் போடும்? 2019 ஏப்ரலுக்குப் பிறகு கொழும்பில் ரூம் தேடி அலைந்த நம்மட பொடியனுகளிடம் கேட்டுப் பாருங்கள். போனில் பேரைச் சொல்லும் முன் ஒரு நொடி யோசித்ததா இல்லையா என்று. அந்த ஒரு நொடியைத்தான் பிரெடி ஆயுள் முழுக்க நீட்டினார். எனக்கு அதைத் துரோகம் என்று சொல்ல வாய் வரவில்லை.

இனி மேடை.

ரொக் இசையில் அந்தக் காலத்தில் இரண்டு வகை. ஜீன்ஸைப் போட்டுக்கொண்டு கிட்டாரைக் குனிந்து பார்த்து வாசித்துவிட்டுப் போவது ஒரு வகை. முகத்தில் பூச்சு, கண்ணுக்கு மை, உடம்போடு ஒட்டிய உடுப்பு, நாடகம் என்று வருவது மற்றது. டேவிட் போவி, அமெரிக்காவில் அலிஸ் கூப்பர் எல்லாம் இரண்டாவது வகை. பிரெடியும் அதில்தான் வந்தார், ஆனால் அவருடைய நாடகத்தில் பார்க்க வந்தவனுக்கும் ஒரு பாத்திரம் இருந்தது. ஆரம்பக் காலத்து நிகழ்ச்சி ஒன்றில் மைக் ஸ்டாண்ட் உடைந்து பாதி கையோடு வந்துவிட்டது. வீசாமல் அந்தப் பாதியோடேயே ஆடினார், பிறகு ஆயுள் முழுக்க அந்தப் பாதிக் கம்புதான். வாளாகவும், கிட்டாராகவும், செங்கோலாகவும் அது மாறும். ஒரு வரியை இழுத்துப் பாடிவிட்டு நிறுத்துவார், மைதானம் திருப்பிப் பாடும். எங்கட பக்கத்துக் களிகம்பில் அண்ணாவியார் ஒரு அடியை எடுத்துக் கொடுக்க, சுற்றி நிற்பவர்கள் கம்பைத் தட்டி அதைத் திருப்பிச் சொல்வார்களே, கிட்டத்தட்ட அதே கணக்கு. ஆளின் எண்ணிக்கைதான் வித்தியாசம்.

1975இன் கடைசியில் வந்ததுதான் உல்லைக் கடையில் ஓடிய அந்தப் பாட்டு, 'பொஹீமியன் ராப்சடி'. ஆறு நிமிடத்துக்குச் சில நொடிகள் குறைவு. வானொலியில் மூன்று நிமிடத்துக்கு மேல் எதுவும் ஓடாது என்று கம்பனி தயங்கியது. கென்னி எவரெட் என்ற வானொலிக்காரர் ஒரு வார இறுதிக்குள் 14 தடவை போட்டுவிட்டார் என்பார்கள். பிறகு ஒன்பது வாரம் பிரித்தானியாவில் முதலிடம். நடுவில் வரும் ஒபரா பகுதிக்கு மூன்று வாரம் பிடித்தது. மூன்று பேரின் குரல்களைத் திரும்பத் திரும்ப ஒன்றன்மேல் ஒன்றாகப் பதிந்து ஒரு பெருங்கூட்டமாக்கினார்கள். கணினி கிடையாது, காந்த நாடா மட்டும். திரும்பத் திரும்ப ஓட்டியதில் நாடாவின் பூச்சே தேய்ந்து வெளிச்சம் தெரியத் தொடங்கியதாம்.

அந்தப் பகுதியில்தான் பிஸ்மில்லா வருகிறது. ஏன் அங்கே வருகிறது என்று பிரெடி கடைசி வரை விளக்கவில்லை. பாட்டின் பொருளையே விளக்க மறுத்தவர் அவர். 1978இல் வந்த 'ஜாஸ்' அல்பத்தின் முதல் பாட்டுக்குப் பெயர் 'முஸ்தபா', பாங்கின் இழுவையை நினைவுபடுத்தும் குரலில் தொடங்கும். நம்மில் சிலருக்கு அது நெருடும், எனக்கும் முதலில் நெருடியது. சான்சிபாரில் பக்கத்து வீட்டுச் சத்தமாக அதைக் கேட்டு வளர்ந்த ஒரு பிள்ளையின் காது அது என்று இப்போது தோன்றுகிறது. மறைக்க நினைத்த ஊர் பாட்டுக்குள்ளே கசிந்துவிடுகிறது. இதில் ஒரு வேடிக்கை: 2004இல் ஈரானில் முதன்முதலாக அதிகாரபூர்வ அனுமதியோடு ஒரு மேற்கத்திய ரொக் குழுவின் கசெட் வெளிவந்தது, அது குயின். கசெட்டோடு ஒரு விளக்கத் துண்டும் வைத்தார்கள். தெரியாமல் ஒரு கொலை செய்து சைத்தானிடம் ஆன்மாவை விற்ற ஒரு இளைஞன், தண்டனைக்கு முந்தைய இரவில் பிஸ்மில்லா சொல்லி இறைவனை அழைத்து ஆன்மாவை மீட்கிறான், இதுதான் பாட்டின் கதை என்று அதில் இருந்தது. பிரெடி இதைப் படித்திருந்தால் விழுந்து விழுந்து சிரித்திருப்பார். ஆனால் மோசமான விளக்கமும் இல்லை.

1980இல் முடியைக் கட்டையாக வெட்டி மீசை வைத்தார். அமெரிக்க ரசிகர்கள் சிலர் மேடைக்குச் சவரக் கத்தி எறிந்தார்கள். அதே வருடம் 'தி கேம்' அல்பம் அங்கே முதலிடத்துக்குப் போனது. 1982இல் நடன இசைப் பக்கம் சாய்ந்து 'ஹொட் ஸ்பேஸ்' என்று ஒன்று போட்டார்கள். ரொக் ரசிகனுக்குக் கசந்தது. 1984இல் 'ஐ வோன்ட் டு பிரேக் ஃப்ரீ' வீடியோவில் நால்வரும் பெண் உடுப்புப் போட்டு வந்தார்கள், பிரெடி மீசையோடு வீடு கூட்டுவார். பிரித்தானியாவில் எல்லோரும் பார்க்கும் ஒரு டீவி நாடகத்தைக் கிண்டலடித்தது அது, அங்கே சிரித்தார்கள். அமெரிக்காவில் அந்தப் பகிடி புரியவில்லை, முகம் சுளித்தார்கள். பாட்டை எழுதியவர் டீக்கன், பெண் வேஷ யோசனை டெய்லர் பக்கத்திலிருந்து வந்தது. பழி மட்டும் பிரெடிக்கு. 1982க்குப் பிறகு அவரோடு குயின் அமெரிக்காவில் சுற்றுப் பயணம் போகவே இல்லை.

இதுவரைக்கும் ஒரு கலைஞனின் ஏற்ற இறக்கம். அடுத்தது அப்படிக் கடந்துபோகக் கூடிய விஷயம் இல்லை, ரசிகர்கள் எழுதும் கட்டுரைகளில் இது பெரும்பாலும் ஒரு வரியோடு முடிந்துவிடும்.

1984 ஒக்டோபரில் குயின் தென்னாபிரிக்காவின் சன் சிட்டியில் பாடியது. நிறவெறி அரசாங்கம் கறுப்பின மக்களின் குடியுரிமையைப் பறிப்பதற்காக 'தாயகம்' என்ற பெயரில் சில துண்டு நிலங்களை ஒதுக்கி, அவை தனி நாடுகள் என்று கதை விட்டது. பொபுத்தட்ஸ்வானா அப்படி ஒன்று. உலகில் வேறு எந்த நாடும் அதை நாடாக ஏற்கவில்லை. தென்னாபிரிக்காவில் சூதாட்டத்துக்குத் தடை, ஆகவே அந்த எல்லைக்குள் 1979இல் சூதாட்ட விடுதியாகச் சன் சிட்டி எழும்பியது. வெள்ளையர்கள் காரில் வந்து சூதாடிவிட்டு, உலகப் பாடகர்களைக் கேட்டுவிட்டுப் போவார்கள். ஐக்கிய நாடுகள் சபை கலைஞர்களுக்குப் புறக்கணிப்புக் கோரிக்கை விடுத்திருந்தது. பிரித்தானிய இசைக் கலைஞர் சங்கம் அங்கே போகவே கூடாது என்று விதி வைத்திருந்தது. குயின் போனது. கேட்டால், நாங்கள் அரசியல்வாதிகள் இல்லை, யார் கேட்க வந்தாலும் பாடுவோம் என்றார்கள். சங்கம் தண்டப் பணம் விதித்தது. ஐ.நா.வின் பட்டியலில் பெயர் ஏறியது. செவிப்புலன், பார்வை இழந்த பிள்ளைகளின் பாடசாலை ஒன்றுக்கு அவர்கள் பணம் கொடுத்ததும் நடந்தது. பிராங்க் சினாட்ரா, எல்டன் ஜோன், ரொட் ஸ்டுவர்ட் என்று அதே மேடையில் ஏறியவர்கள் வேறும் இருந்தார்கள். அதெல்லாம் சேர்ந்தும் கணக்கு நேராகாது.

ஏனென்றால் பாடியவர் பிரெடி. அவர் சான்சிபாரில் பிறக்காமல் டர்பனில் பிறந்திருந்தால், அந்த நாட்டுச் சட்டம் அவரை 'இந்தியர்' என்று அட்டையில் எழுதியிருக்கும். எந்தத் தெருவில் வீடு, எந்தப் பள்ளிக்கூடம், எந்தக் கடற்கரை எல்லாம் அந்த அட்டைதான் முடிவு செய்யும். கழற்றி வைத்த குடும்பப் பெயரின் பலனில் அவர் அந்த மேடையில் நின்றார். மூன்று வருடத்துக்கு முன்பு, 1981இல், இராணுவ ஆட்சி ஆயிரக்கணக்கான மனிதர்களைக் காணாமலாக்கிக்கொண்டிருந்த ஆர்ஜென்டினாவிலும் பாடினார்கள், ஆட்சித் தளபதியையும் சந்தித்தார்கள். அங்கே கூட எனக்கு இரண்டு மனம் இருக்கிறது. அச்சத்தில் கிடந்த ஒரு நாட்டின் இளைஞர்களுக்கு மைதானத்தில் ஒன்றாகக் கத்திப் பாட ஒரு இரவு கிடைத்தது. சன் சிட்டிக்கு அந்தச் சாக்கும் இல்லை. 'அரசியல் வேண்டாம்' என்று சொல்லும் கலைஞர்கள் எங்கே போய்ப் பாடினார்கள் என்று பார்க்கும் பழக்கம் நமக்கு வேண்டும். காணாமலாக்கப்பட்டவர்களின் படத்தோடு தாய்மார் தெருவில் உட்கார்ந்திருக்கும் நாட்டில் இருந்துகொண்டு இதை எழுதாமல் போக முடியவில்லை.

சன் சிட்டிக்கு ஒன்பது மாதம் கழித்து, 1985 ஜூலை 13, 'லைவ் எய்ட்'. எத்தியோப்பியப் பஞ்சத்துக்கு நிதி சேர்க்க லண்டன் வெம்ப்ளியிலும் அமெரிக்காவின் பிலடெல்பியாவிலும் ஒரே நாளில் நிகழ்ச்சி. வெம்ப்ளியில் 72,000 பேர். குயினுக்குக் கிடைத்தது இருபது நிமிடம் சொச்சம், பின்னேரப் பகல் வெளிச்சம், விளக்கு வேலைகள் எதுவும் எடுபடாத நேரம். மற்றவர்கள் வந்து பாடிவிட்டுப் போக, குயின் மட்டும் ஒரு நாடக அரங்கில் நிமிடக் கணக்கோடு ஒத்திகை பார்த்துவிட்டு வந்தது. வெள்ளை பெனியன், ஜீன்ஸ், அந்தப் பாதிக் கம்பு. நடுவில் பாட்டே இல்லாமல் வெறும் குரலால் ஒரு இழுவை இழுக்க, 72,000 பேரும் அதைப் பிசகாமல் திருப்பினார்கள். யூடியூபில் இருக்கிறது, பாருங்கள். ஆறாவது பாட்டு முடியும்போது இரண்டு வருடப் பழி எல்லாம் உலகம் மறந்துவிட்டிருந்தது, சன் சிட்டி உட்பட. அதே ஜூலை 13இல்தான் திம்புவில் தமிழ்த் தரப்பு தன் நான்கு கோட்பாடுகளை மேசையில் வைத்தது. கிழக்கு முஸ்லிம்களுக்கு அந்த மேசையில் கதிரை இருக்கவில்லை. இரண்டுக்கும் சம்பந்தம் எதுவும் இல்லை, ஒரே நாள் என்பதைத் தவிர.

2018இல் வந்த 'பொஹீமியன் ராப்சடி' படத்தைப் பார்த்தவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. எகிப்தியக் குடும்பத்தில் வந்த ராமி மாலிக் நடித்து ஒஸ்கார் வாங்கிய படம், நடிப்புக்குக் குறையில்லை. ஆனால் லைவ் எய்டுக்கு முன் குழு உடைந்து கிடந்ததாகவும், தனக்கு நோய் இருப்பதைப் பிரெடி அங்கே பாடும் முன்பே அறிந்திருந்ததாகவும் காட்டுகிறார்கள். இரண்டும் பிழை. குழு அதே 1985 மே வரைக்கும் சுற்றுப் பயணத்தில் இருந்தது. அவருக்கு எச்.ஐ.வி. உறுதியானது 1987இல். சாவின் நிழலில் பாடினான் என்றால் படத்துக்குக் கண்ணீர் வரும், அதற்காக இரண்டு வருடத்தை முன்னால் இழுத்துவிட்டார்கள். உண்மையில் நடந்தது இதைவிடக் கனமானது என்பது என் எண்ணம். சன் சிட்டியை அந்தப் படம் தொடவே இல்லை என்பதையும் சேர்த்துச் சொல்கிறேன்.

1986 ஓகஸ்ட் 9 நெப்வேர்த்தில், இலட்சத்துக்கும் மேற்பட்டோர் முன் பாடியதுதான் குயினோடு அவருடைய கடைசி முழு நிகழ்ச்சி. அடுத்த வருடம் நோய் தெரிந்தது. இலங்கையர் ஒருவருக்கு எச்.ஐ.வி. இருப்பது முதன்முதலில் கண்டறியப்பட்டதும் அதே 1987இல்தான். அப்போது எய்ட்ஸ் என்றால் நோய் இல்லை, தீர்ப்பு. நோயாளியின் கையை டயானா இளவரசி உறையில்லாமல் பிடித்துக் குலுக்கியது உலகச் செய்தியாகும் அளவுக்குப் பயம். 1988இல் பிரித்தானியா பாடசாலைகளில் ஓரினச் சேர்க்கை பற்றிச் சாதகமாகப் பேசுவதையே தடுக்கும் ஒரு சட்டப் பிரிவைக் கொண்டுவந்தது. அவருடன் வேலை செய்த ஒருவர் அவருடைய அந்தரங்கத்தைப் பத்திரிகைக்கு விற்றார். 1990 பெப்ரவரியில் விருது மேடையொன்றில் மெலிந்துபோய் நின்றார், ஒரு நன்றி மட்டும் சொல்லி இறங்கினார். அதற்குப் பிறகு கென்சிங்டன் வீட்டு வாசலில் கெமராக்கள் குடியிருந்தன. மெலிந்த முகம் ஒன்று கிடைத்தால் முதல் பக்கம். கேட்டவர்களுக்கெல்லாம் குழு, அவருக்கு ஒன்றுமில்லை என்று சொல்லிக்கொண்டே இருந்தது.

அந்த நான்கு வருடமும் அவர் வேலை செய்தார். ஸ்பானிய ஒபரா பாடகி மொன்செரட் கபயேயுடன் 'பார்சிலோனா'. சுவிற்சர்லாந்தின் மொன்ட்ரூ நகர ஒலிப்பதிவுக் கூடத்தில் 'இன்னுவெண்டோ', 1991 பெப்ரவரியில் வெளிவந்தது. நிற்க முடியாத நாட்களில் உட்கார்ந்து பாடினார். 1991 மேயில் எடுத்த கடைசி வீடியோவைக் கறுப்பு வெள்ளையில் வெளியிட்டார்கள். முகத்துப் பூச்சு எவ்வளவு தடிப்பாக இருந்தாலும் தெரிகிறது. பாதிக் கம்பு இல்லை, ஓட்டமில்லை, கிட்டத்தட்ட ஒரே இடத்தில் நின்று கையை மட்டும் அசைக்கிறார். மேடையில் ஒரு கணம் நிற்காத மனிதன் என்று தெரிந்தவர்களுக்கு அதைப் பார்க்கக் கஷ்டமாக இருக்கும்.

1991 நவம்பர் 23, தனக்கு எய்ட்ஸ் இருப்பதாக அறிக்கை வந்தது. மறுநாள் இரவே போய்விட்டார். இரண்டு கிழமைக்கு முன்புதான் அமெரிக்கக் கூடைப்பந்து வீரர் மேஜிக் ஜோன்சன் தனக்கு எச்.ஐ.வி. என்று பகிரங்கமாகச் சொல்லியிருந்தார். பிரெடி முன்பே சொல்லியிருந்தால் எத்தனை பேருக்குத் துணிவு வந்திருக்கும் என்று அப்போதே கேட்டார்கள். கேள்வியில் நியாயம் இருக்கிறது. ஆனால் வாசலில் அந்தக் கெமராக்களை வைத்துக்கொண்டு ஒரு நோயாளியிடம் கேட்கும் கேள்வியா என்றும் தோன்றுகிறது. நோயாளிகளை உண்மையில் வாழவைத்த கூட்டு மருந்துச் சிகிச்சை 1996இல்தான் வந்தது. ஐந்து வருடம் பிந்தி. மறு வருடம் ஏப்ரல் 20 வெம்ப்ளியில் அவருக்காகப் பாடினார்கள். அந்தப் பணத்தில் தொடங்கிய மெர்க்குரி பீனிக்ஸ் அறக்கட்டளை எய்ட்ஸுக்கு எதிராக இன்றும் வேலை செய்கிறது.

நம் சட்டப் புத்தகத்தில் வெள்ளைக்காரன் 1883இல் எழுதிவைத்த 365ஆம் பிரிவு இன்னும் கிடக்கிறது. அதை எழுதியவன் தன் நாட்டில் 1967இலேயே தளர்த்திவிட்டான். சமயத்தில் எது ஆகும், எது ஆகாது என்று தீர்ப்புச் சொல்ல நான் ஆலிம் இல்லை, இந்தக் கட்டுரை அதற்கும் இல்லை. ஆனால் அந்த ஓட்டோக்கார காக்கா சொன்ன 'அந்த நோய்' என்ற சொல் எனக்குள் கிடந்து உறுத்துகிறது. பெயர் சொல்லப் பயப்படும் நோயை ஒருவன் டொக்டரிடமும் சொல்ல மாட்டான். எங்கட ஊர்களில் எத்தனையோ பேர் வெளிநாடு போய் உழைத்து வருகிறார்கள். அவர்களில் ஒருவனுக்கு வந்தால் அவன் எந்தக் கதவைத் தட்டுவான்?

பிறந்த ஊர் என்ன செய்தது? 2006இல் அவருடைய 60ஆவது பிறந்த நாளுக்கு சான்சிபார் கடற்கரையில் ஒரு விழா வைக்கப் பார்த்தார்கள். முஸ்லிம் அமைப்பு ஒன்று எதிர்த்தது, விழா நின்றது. ஆனால் அவர் பெயரில் அங்கே கடலோரம் சாப்பாட்டுக் கடை ஏற்கெனவே நடந்துகொண்டிருந்தது. 2019இல் ஸ்டோன் டவுனில் ஒரு மியூசியமும் திறந்தார்கள். வெள்ளைக்காரன் வருகிறான், டிக்கெட் எடுக்கிறான், பிறகு யார் எதைக் கேட்பது? சீசன் காசில் கால்வாசி வருடம் ஓடும் எங்கட ஊர்க்காரருக்கு இதை விளக்கத் தேவையில்லை.

அவருடைய ஜனாஸா, அதாவது இறுதிச் சடங்கு, 1991 நவம்பர் 27இல் பார்சி முறையில் நடந்தது. வெள்ளை உடுப்புப் போட்ட குருமார் பழைய அவெஸ்தா மொழியில் ஓதினார்கள். உலகம் மெர்க்குரி என்று அழுதுகொண்டிருந்தபோது, உம்மாவும் வாப்பாவும் தங்கையும் முன்வரிசையில் ஒரு ஃபர்ரோக்கை வழியனுப்பினார்கள். பிறகு மேற்கு லண்டனில் எரியூட்டினார்கள். சாம்பல் எங்கே என்று வெளியே சொல்லவில்லை. 2023இல் அவருடைய வீட்டுப் பொருட்களை லண்டனில் ஏலம் போட்டார்கள். பியானோ மட்டும் 17 இலட்சம் பவுணுக்குப் போனது. 2013இல் கென்சல் கிரீன் மயானத்தில் ஒரு சின்னக் கல் தென்பட்டது. அதில் மெர்க்குரி என்ற பெயர் இல்லை. ஃபர்ரோக் புல்சாரா என்ற பெயரும் இரண்டு தேதிகளும் இருந்தன. பத்திரிகைகளில் செய்தி வந்தது, ஆட்கள் கெமராவோடு போகத் தொடங்கினார்கள். சில கிழமைகளில் யாரோ அந்தத் தகட்டைக் கழற்றிக்கொண்டு போய்விட்டார்கள்.